உண்ணிக்கு எந்த மாடு தாங்கும்?

சீமைக் கலப்புப் பசு சாய்கிறது. நாட்டு மாடு நிற்கிறது. காரணம் என்ன?

பெங்களூரில் பீன்யா தொழிற்பேட்டையிலும், கட்டட வேலைகளிலும், கடைகளிலும், ஆபீசுகளிலும் உழைக்கும் தமிழர்களில் பலர் கையில் கொஞ்சம் பணம் சேர்ந்ததும் ஊரில் ஒரு கறவைப் பசு வாங்க நினைக்கிறார்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை, வேலூர் பக்கத்துக் கிராமங்களில் அவர்களுடைய தாயாரோ, மனைவியோ இருக்கிறார்கள். வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட இடம் இருக்கிறது. காலையும் மாலையும் சொசைட்டிக்குப் பால் ஊற்றினால் குடும்பச் செலவுக்கு ஆகும். பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவுக்கும் ஆகும்.

வாங்குவது பெரும்பாலும் நாட்டு மாடு அல்ல. சீமை ரத்தம் கலந்த ஜெர்சி கலப்பினப் பசு, அல்லது கறுப்பும் வெள்ளையுமான ஹோல்ஸ்டீன் பிரீஷியன் கலப்பினப் பசு. விலை பல மாதச் சம்பளம். பாங்கில் கடன் வாங்கிப் பணம் அனுப்புகிறவர்களும் உண்டு.

இப்படி வாங்கிய பசு ஒரு நாள் தீவனம் எடுக்காமல் நிற்கிறது. பால் பாதியாகக் குறைகிறது. உடம்பு நெருப்பாகச் சுடுகிறது. கழுத்தின் அடியிலும் முன்தொடை ஓரத்திலும் நெறி கட்டுகிறது. ஒரு வாரத்தில் படுத்துவிடுகிறது. சில சமயம் எழுந்திருப்பதே இல்லை.

பக்கத்து வீட்டுக் கொட்டகையில் கட்டியிருக்கும் நாட்டு மாட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதுவும் அதே வரப்பில்தான் மேய்ந்தது. அதன் மேலும் உண்ணி இருக்கிறது.

"கண் பட்டுவிட்டது" என்கிறார் ஒருவர். "தண்ணீர் மாற்றம்" என்கிறார் இன்னொருவர். கால்நடை டாக்டர்கள் சொல்லும் காரணம் வேறு. பசுவைச் சாய்த்தது உண்ணி கொண்டுவந்த ரத்தக் கிருமி. அந்தக் கிருமியை ஒரு மாடு தாங்குவதும் இன்னொரு மாடு தாங்காததும் பெரும்பாலும் அதனதன் இனத்தைப் பொறுத்தது.

ரத்தம் குடிப்பது மட்டும் அல்ல

உண்ணி என்றால் மாட்டின் ரத்தத்தைக் குடிக்கும் பூச்சி என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ரத்தம் குடிப்பதால் மாடு மெலியும், பால் குறையும் என்பது உண்மை. ஆனால் பெரிய ஆபத்து அது குடிக்கும் ரத்தத்தில் இல்லை. அது விடும் எச்சிலில் இருக்கிறது. கடிக்கும்போது எச்சிலோடு நோய்க் கிருமியும் மாட்டின் உடம்புக்குள் போய்விடுகிறது.

நம் நாட்டு மாடுகளில் இரண்டு வகை உண்ணிகள் அதிகம்.

ஒன்று, மாட்டின் மேலேயே குடியிருக்கும் சின்ன உண்ணி. குஞ்சாக ஏறி, அதே மாட்டில் ஏறக்குறைய மூன்று வாரம் இருந்து வளர்ந்து, ரத்தம் நிறையக் குடித்து ஆமணக்கு விதை போல் உப்பிக் கீழே விழும். விழுந்த பெண் உண்ணி தரையில் 2,000 முதல் 3,000 முட்டை வரை இடும்.

இன்னொன்று, "ஹையலோமா" என்று டாக்டர்கள் சொல்லும் உண்ணி. உருவத்தில் பெரியது. கால்களில் வெளிர் வளையங்கள் இருக்கும். இது எப்போதும் மாட்டின் மேல் இருப்பதில்லை. வயிறு நிறையக் குடித்ததும் இறங்கி, கொட்டகைச் சுவரின் வெடிப்பிலும் கல் இடுக்கிலும் ஒளிந்துகொள்ளும். அங்கே தோல் உரித்து வளர்ந்து, மறுபடி மாட்டைத் தேடி வரும். மாட்டின் மேல் மட்டும் மருந்து அடித்துவிட்டு, "உண்ணி போகவில்லையே" என்று அலுத்துக்கொள்வதற்குக் காரணம் இதுதான். உண்ணியில் ஒரு பங்கு மாட்டில் இருக்கிறது. இன்னொரு பங்கு சுவரில் இருக்கிறது.

மூன்று நோய்கள்

உண்ணியால் வரும் ரத்த நோய்களில் முக்கியமானவை மூன்று.

முதலாவது, தைலேரியா. சுவரில் ஒளியும் ஹையலோமா உண்ணி பரப்புவது. இந்தக் கிருமி முதலில் மாட்டின் வெள்ளை அணுக்களுக்குள் புகுகிறது. நோயை எதிர்க்க வேண்டிய அந்த அணுவையே தன் வசமாக்கி, புற்றுநோய் அணுவைப் போல் பெருகச் செய்கிறது. அதனால்தான் நெறி கட்டுகிறது. காய்ச்சல் 104 டிகிரியிலிருந்து 107 டிகிரி வரை போகும். பிறகு கிருமி சிவப்பு அணுக்களுக்குள் புகும். ரத்தம் குறைந்து, கண்ணின் உட்சதை வெளிறிவிடும். மூச்சு வாங்கும். கலப்பினக் கன்றுகளையும், புதிதாகக் கன்று போட்ட பசுக்களையும் அதிகமாகக் கொல்வது இதுவே.

இரண்டாவது, பபீசியா. சின்ன உண்ணி பரப்புவது. சிவப்பு அணுக்களை உடைத்துவிடும். உடைந்த ரத்தம் சிறுநீரில் இறங்குவதால், மாடு காப்பி டிகாக்ஷன் நிறத்தில் மூத்திரம் போகும்.

மூன்றாவது, அனாபிளாஸ்மா. இதுவும் உண்ணியால் பரவும். கடிக்கும் ஈக்களாலும், ஒரே ஊசியைப் பல மாட்டுக்குப் போடுவதாலும்கூடப் பரவும். சோகையும் காமாலையும் வரும். சாணி இறுகிவிடும். ஆனால் மூத்திரம் சிவப்பதில்லை.

இந்த மூன்று நோய்களிலும் மாட்டுக்கு மாடு வித்தியாசம் உண்டு. அதைக் கண்டுபிடித்த கதை அமெரிக்காவில் தொடங்குகிறது.

டெக்சாஸ் மாடுகளின் மர்மம்

சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில், அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்திலிருந்து மாட்டு மந்தைகளை வடக்கே ஓட்டிச் செல்வது வழக்கம். டெக்சாஸ் மாடுகள் ஆரோக்கியமாகவே இருக்கும். ஆனால் அவை போன வழியில் மேய்ந்த வடநாட்டு மாடுகள் சில வாரத்தில் காய்ச்சல் கண்டு, சிவப்பாக மூத்திரம் போய்ச் சாகும். நோயில்லாத மாடு எப்படி நோயைக் கொடுக்கும் என்று யாருக்கும் புரியவில்லை. வடநாட்டுப் பண்ணைக்காரர்கள் டெக்சாஸ் மந்தைகளைத் துப்பாக்கியோடு நின்று தடுத்தார்கள்.

தியோபால்டு ஸ்மித், கில்போர்ன் என்ற இரு அமெரிக்க அரசு விஞ்ஞானிகள் இதை ஆராய்ந்து, 1893-ம் ஆண்டு முடிவை வெளியிட்டார்கள். நோயைச் சுமப்பது மாட்டின் மேலிருக்கும் உண்ணி என்று நிரூபித்தார்கள். உண்ணியைப் பொறுக்கிவிட்டு டெக்சாஸ் மாட்டையும் வடநாட்டு மாட்டையும் ஒன்றாகக் கட்டினால் நோய் வரவில்லை. உண்ணிக் குஞ்சுகளை மட்டும் விட்டால் நோய் வந்தது. தாய் உண்ணி குடித்த கிருமி முட்டை வழியாகக் குஞ்சுக்கும் போகிறது என்பதும் தெரிந்தது.

ஒரு பூச்சி நோயைப் பரப்பும் என்பதற்கு உலகுக்குக் கிடைத்த பெரிய அத்தாட்சிகளில் அது ஒன்று. நான்கு ஆண்டுகள் கழித்து, 1897-ல், செகந்தராபாத்தில் ரொனால்டு ராஸ் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டார். மனிதனுக்குக் கொசு செய்வதை மாட்டுக்கு உண்ணி செய்கிறது.

டெக்சாஸ் மாடு ஏன் சாகவில்லை? அது கன்றாக இருக்கும்போதே உண்ணிக் கடிக்குப் பழகிவிட்டது. பபீசியா நோயில் இளங்கன்றுகள், பெரிய மாடுகளைவிட நன்றாகத் தாங்கும். சிறு வயதில் லேசாக வந்து போன நோய் பிறகு காவலாக நிற்கும். உண்ணியே இல்லாத இடத்தில் வளர்ந்த வடநாட்டு மாட்டுக்கு அந்தக் காவல் இல்லை.

ஆக, மாடு தாங்குவதற்கு ஒரு காரணம் பழக்கம். உண்ணி இல்லாத சுத்தமான பண்ணையில் வளர்ந்த பசுவை, உண்ணி நிறைந்த கிராமத்துக் கொட்டகையில் கொண்டுவந்து கட்டினால் அது நோயில் விழுவதற்கும் இதுவே காரணம்.

பழக்கமா, பரம்பரையா?

பழக்கம் மட்டும்தானா? பிறவியிலேயே வித்தியாசம் உண்டா? இதற்கு ஸ்காட்லாந்தின் எடின்பரோ விஞ்ஞானிகள் 2005-ம் ஆண்டு வெளியிட்ட ஆராய்ச்சி நல்ல விடை சொன்னது.

அவர்கள் இரண்டு இனக் கன்றுகளை எடுத்துக்கொண்டார்கள். ஒன்று ஹோல்ஸ்டீன். மற்றொன்று சாகிவால், பழைய பஞ்சாப் மண்ணின் திமில் உள்ள பசு இனம். இரண்டுக்கும் தைலேரியாக் கிருமியைச் செலுத்தினார்கள். ஹோல்ஸ்டீன் கன்றின் உயிரைப் பறிக்கக் கூடிய அளவு அது. சாகிவால் கன்றுகளுக்கும் காய்ச்சல் வந்தது. ஆனால் மருந்து இல்லாமலே அவை தேறிவிட்டன.

வேறொன்றும் தெரிந்தது. கிருமி நுழைந்ததும் ஹோல்ஸ்டீன் உடம்பு பதறிப்போய் அளவுக்கு மீறி எதிர்க்கிறது. காய்ச்சலையும் வீக்கத்தையும் தூண்டும் பொருள்கள் ரத்தத்தில் மிதமிஞ்சிச் சுரக்கின்றன. அந்தக் கொந்தளிப்பே மாட்டைப் பாதி கொன்றுவிடுகிறது. சாகிவால் உடம்பு பதறுவதில்லை. அளவாக எதிர்த்து, கிருமியை அடக்கி வைக்கிறது.

ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக இந்த மண்ணில் உண்ணியோடு வாழ்ந்த இனம் அது. தாங்காதவை செத்தன, தாங்கியவை கன்று போட்டன. அந்தக் குணம் ரத்தத்தில் ஊறிவிட்டது. உண்ணியும் தைலேரியாவும் இல்லாத குளிர்நாட்டில், பாலுக்காகவே தேர்ந்தெடுத்து வளர்த்த ஹோல்ஸ்டீனுக்கு அப்படி ஒரு சோதனை வந்ததே இல்லை.

தோலிலும் ஒரு காவல்

நாட்டு மாட்டுக்கு ரத்தத்தில் உள்ள காவலுக்கு முன்பே தோலிலும் ஒரு காவல் இருக்கிறது.

திமில் உள்ள நம் மாடுகளின் மயிர் குட்டையானது, வழவழப்பானது. உண்ணிக் குஞ்சு பிடித்துக்கொள்ள வசதி குறைவு. தோல் தளர்ந்து தொங்கும். ஈ உட்கார்ந்தாலும் தோலைச் சுண்டி உதறும் சக்தி அதற்கு அதிகம். உண்ணி கடித்த இடத்தில் தோல் சீக்கிரம் தடித்து அரிப்பெடுக்கும். மாடு உடனே நக்கியும் உரசியும் குஞ்சுகளைத் தள்ளிவிடும்.

இதை அளந்து பார்த்தவர்கள் ஆஸ்திரேலியர்கள். அங்கே சின்ன உண்ணி முதலில் இல்லை. 1872-ல் ஜாவாவிலிருந்து டார்வின் துறைமுகத்தில் இறக்கிய மாடுகளோடு வந்தது. பிறகு குவீன்ஸ்லாந்திலும் பரவி, பிரிட்டிஷ் இன மாடுகளை வாரிக்கொண்டு போனது. எத்தனையோ மருந்துக் குளியல் தொட்டிகள் கட்டியும் தீரவில்லை. கடைசியில் 1933-ல் அமெரிக்காவிலிருந்து "பிராமன்" என்ற திமில் மாடுகளைக் கொண்டுவந்து கலந்தார்கள்.

பிராமன் மாட்டின் பூர்வீகம் எது? நம் நாடுதான். ஓங்கோல், கிர், காங்கரேஜ், கர்நாடகத்தின் கிருஷ்ணா பள்ளத்தாக்கு மாடு ஆகியவற்றின் ரத்தத்தில் அமெரிக்கர்கள் உண்டாக்கிய இனம் அது. பிரேசில் நாட்டின் இறைச்சி மாடுகளில் மிகப் பெரும்பான்மையான "நெலோரே" இனமும் நெல்லூர்ச் சீமை ஓங்கோல் மாட்டின் வாரிசுதான்.

ஆஸ்திரேலியாவில் கணக்கெடுத்தபோது, பிராமன் மாட்டில் ஏறிய நூறு உண்ணிக் குஞ்சுகளில் ஒன்றிரண்டுகூட முழு வளர்ச்சி பெறுவது அரிதாக இருந்தது. தாங்கும் சக்தி குறைந்த ஐரோப்பிய மாடுகளில் பத்து, பதினைந்து என்று வளர்ந்தன. ஐரோப்பிய மாடுகளுக்குள்ளும் வித்தியாசம் இருந்தது. ஜெர்சி ஓரளவு தாங்கியது. கறுப்பு வெள்ளை பிரீஷியன் மிகவும் பின்தங்கியது.

அதே நாட்டில் 1990-களில் நடந்த ஆராய்ச்சி ஒரு முக்கியமான எச்சரிக்கையையும் தந்தது. பபீசியா நோயைத் திமில் மாடுகள் நன்றாகத் தாங்கின. ஆனால் அனாபிளாஸ்மா நோயில் அந்த அனுகூலம் தெரியவில்லை. அதற்குத் திமில் மாடும் ஆளாயிற்று. நாட்டு மாடு என்றால் எந்த நோயும் அண்டாது என்று யாராவது சொன்னால், அது சரியல்ல.

நாமே கொண்டுவந்த கலப்பு

இந்தியாவில் சீமை மாட்டுக் கலப்பு இன்று நேற்று வந்ததல்ல. வெள்ளைக்காரப் பட்டாளத்துக்குப் பால் வேண்டும் என்று 1889-ல் அலகாபாத்தில் முதல் ராணுவப் பால் பண்ணை தொடங்கியது. பெங்களூர் ஆடுகோடியில் இன்றும் உள்ள தேசியப் பால் ஆராய்ச்சி நிலையத்தின் கிளை, 1923-ல் தொடங்கிய பழைய இம்பீரியல் கால்நடை வளர்ப்பு, பால் பண்ணை நிலையத்தின் இடம்தான். மகாத்மா காந்தி 1927-ல் அங்கே வந்து மாடு வளர்ப்பைக் கவனித்தார். நிலையத்தின் தலைமை 1955-ல் அரியானாவின் கர்னாலுக்குப் போயிற்று.

சுதந்திரத்துக்குப் பிறகு கலப்பு வேகமாகப் பரவியது. கேரளத்தின் மாட்டுப்பட்டியில் 1963-ல் சுவிட்சர்லாந்து உதவியோடு ஒரு திட்டம் வந்தது. உறைவிந்து முறை வந்தபின் கிராமத்துக்குக் கிராமம் சினை ஊசி போடத் தொடங்கினார்கள். ஹெசரகட்டாவில் இதற்கென்று மத்திய அரசின் உறைவிந்து நிலையமே இருக்கிறது.

பலன் இல்லாமல் இல்லை. ஹள்ளிகாரும் காங்கேயமும் உழவுக்கும் வண்டிக்கும் பேர்போனவை. ஆனால் கன்று குடித்தது போக ஒன்றிரண்டு லிட்டர் பால்தான் மிஞ்சும். கலப்பினப் பசு நாளைக்குப் பத்து லிட்டர், அதற்கு மேலும் கறக்கும். ஏழை வீட்டில் அடுப்பெரிந்தது இந்தப் பாலினால். அதை மறந்துவிட்டு "சீமை மாடே வேண்டாம்" என்பது நியாயம் ஆகாது.

2019-ம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் மாடுகள் 19 கோடியே 25 லட்சம். இதில் சீமை மாடும் கலப்பினமும் 5 கோடியே 4 லட்சம். 2012-ல் இது 3 கோடியே 97 லட்சமாக இருந்தது. அதே காலத்தில் நாட்டு மாடு 15 கோடியே 12 லட்சத்திலிருந்து 14 கோடியே 21 லட்சமாகக் குறைந்தது. அதாவது, இன்று நான்கு மாட்டில் ஒன்றுக்கு மேல், உண்ணி நோய்க்கு எளிதில் ஆளாகும் ரத்தம் உள்ளது.

எவ்வளவு கலப்பு நல்லது?

சீமை ரத்தம் கூடக் கூடப் பால் கூடும். கூடவே நோயைத் தாங்கும் சக்தி குறையும். பாதிக்குப் பாதி கலந்த பசுவைவிட, முக்கால் பங்கு கலந்த பசுவுக்கு ஆபத்து அதிகம்.

விஞ்ஞானிகளுக்கு இது தெரியும். அதனால்தான் சாகிவால் போன்ற பால் மாடுகளையே கலப்புக்குத் தேர்ந்தெடுத்தார்கள். கர்னாலில் சாகிவாலையும் பிரவுன் சுவிஸ் மாட்டையும் கலந்து "கரண் சுவிஸ்" உண்டாக்கினார்கள். ராணுவப் பண்ணைகளில் சாகிவாலையும் ஹோல்ஸ்டீனையும் கலந்து, சீமை ரத்தம் 62½ சதவீதத்தில் நிற்கும்படி "பிரீஸ்வால்" இனத்தை வளர்த்தார்கள். 132 ஆண்டு நடந்த அந்த ராணுவப் பண்ணைகள் 2021 மார்ச்சில் மூடப்பட்டன. தமிழ்நாட்டில் சமவெளிக்கு ஜெர்சி, நீலகிரி போன்ற மலைக்கு ஹோல்ஸ்டீன் என்று வகுத்ததிலும் இந்த யோசனை இருக்கிறது.

ஆனால் கிராமத்தில் நடப்பது வேறு. கறுப்பு வெள்ளைப் பசுவுக்கு மறுபடி கறுப்பு வெள்ளைக் காளையின் சினை ஊசியே போடச் சொல்கிறார்கள். அதன் கன்றுக்கும் அதே. இரண்டு தலைமுறையில் சீமை ரத்தம் முக்காலுக்கு மேல் போய்விடுகிறது. பால் ஏறியது தெரிகிறது. காவல் இறங்கியது தெரிவதில்லை. முதல் உண்ணிக் காய்ச்சல் வரும்போதுதான் தெரிகிறது.

பக்கத்து மாடே பரப்பும்

இன்னொரு விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. நாட்டு மாடு தைலேரியா நோயைத் தாங்குகிறது என்றால், கிருமி அதன் உடம்பை விட்டுப் போய்விட்டது என்று அர்த்தமில்லை. அடங்கிப்போய் ரத்தத்தில் கொஞ்சம் இருந்துகொண்டே இருக்கும். தேறிய கலப்பின மாட்டிலும் அப்படியே.

அந்த மாட்டின் ரத்தத்தைக் குடித்த இளம் உண்ணி, சுவரில் ஒளிந்து வளர்ந்து, பிறகு சீமைக் கலப்புப் பசுவின் மேல் ஏறிக் கடிக்கிறது. டெக்சாஸ் மாட்டின் கதை நம் கொட்டகையிலேயே நடக்கிறது. நல்லாயிருக்கும் மாட்டிலிருந்து நோய் தாங்காத மாட்டுக்குப் போகிறது. ஆகவே கலப்பினப் பசுவுக்கு மட்டும் உண்ணி மருந்து அடித்துவிட்டு, எருதையும் நாட்டுப் பசுவையும் விட்டுவிட்டால் பயனில்லை.

மருந்தும் தடுப்பு ஊசியும்

ஒரு காலத்தில் தைலேரியா வந்தால் கைவிட வேண்டியதுதான். 1980-களில் "புபார்வகோன்" என்ற மருந்து வந்தபின் நிலைமை மாறிற்று. காய்ச்சல் கண்ட ஆரம்பத்திலேயே இந்த ஊசியைப் போட்டால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். கண் வெளிறி, மூச்சு வாங்கிப் படுத்த பிறகு போட்டால் பலன் நிச்சயமில்லை. விலையும் குறைவல்ல. பபீசியாவுக்கு வேறு மருந்து. அனாபிளாஸ்மாவுக்கு வேறு மருந்து. எது என்று தெரியாமல் காய்ச்சல் ஊசி மட்டும் போட்டு நாளைக் கடத்துவதுதான் மாட்டைக் கொல்கிறது.

எது என்று கண்டுபிடிக்க ஒரு சொட்டு ரத்தம் போதும். காதின் ரத்தக் குழாயிலிருந்து எடுத்துக் கண்ணாடித் துண்டில் தடவி, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் கிருமி தெரியும். நெறி கட்டிய இடத்திலிருந்து நீர் எடுத்தும் பார்ப்பார்கள்.

தைலேரியாவுக்குத் தடுப்பு ஊசியும் உண்டு. தேசியப் பால்வள வாரியம் உண்டாக்கிய ஐதராபாத் இந்தியன் இம்யூனாலஜிகல்ஸ் நிறுவனம் "ரக்ஷாவாக்-டி" என்ற பெயரில் தயாரித்தது. வீரியம் குறைத்த உயிர்க் கிருமியே இந்த மருந்து. உறைவிந்து போல் இதையும் திரவ நைட்ரஜன் குடுவையில்தான் வைக்க வேண்டும். அதனால் எல்லா ஊரிலும் எளிதில் கிடைப்பதில்லை. பசு வாங்கும்போதே கால்நடை டாக்டரிடம் கேட்டு வைப்பது நல்லது. சினை மாட்டுக்கு டாக்டர் சொல்லாமல் போடக்கூடாது.

பணம் அனுப்புகிறவர் கவனிக்க வேண்டியவை

பெங்களூரில் இருந்துகொண்டு ஊரில் பசு வாங்குகிறவர்கள் வீட்டாரிடம் இவற்றைச் சொல்லி வைக்கலாம்:

பசுவை வாங்குமுன், எத்தனை லிட்டர் கறக்கிறது என்று மட்டும் கேட்கக் கூடாது. எங்கே வளர்ந்தது, அங்கே உண்ணி உண்டா, முன்பு உண்ணிக் காய்ச்சல் வந்து தேறியதா, தடுப்பு ஊசி போட்டதா என்று கேட்க வேண்டும். நம் ஊரிலேயே பிறந்து வளர்ந்த கலப்பினப் பசு, தொலைவிலிருந்து வந்த அதிகப் பால் பசுவைவிடப் பத்திரம்.

வீட்டில் கவனிக்க ஒரே ஓர் ஆள், அதுவும் வயதானவர் என்றால், முக்கால் பங்கு சீமை ரத்தம் உள்ள பசு வேண்டாம். பாதிக் கலப்பு ஜெர்சியோ, சாகிவால், சிவப்பு சிந்தி, கிர் போன்ற பால் தரும் நாட்டு இனமோ தாங்கும்.

கொட்டகைச் சுவரின் வெடிப்புகளைச் சிமெண்டால் அடைத்துச் சுண்ணாம்பு அடிக்க வேண்டும். பழைய வைக்கோலையும் குப்பையையும் சுவரோரம் சேர விடக்கூடாது. உண்ணி மருந்தை எல்லா மாட்டுக்கும் ஒரே நாளில், டாக்டர் சொன்ன அளவில் அடிக்க வேண்டும். பயிருக்கு அடிக்கும் பூச்சி மருந்தை மாட்டின் மேல் ஊற்றுவது மாட்டுக்கும் ஆபத்து, பாலுக்கும் ஆபத்து. அளவு குறைத்து அடிக்கடி அடித்தால் உண்ணி அந்த மருந்துக்குப் பழகிவிடும்.

கோடை வெயில் தொடங்கியதிலிருந்து மழைக்காலம் முடியும் வரை, தினமும் காதின் உட்புறம், மடி, வாலின் அடி, தொடை இடுக்கு ஆகிய இடங்களைத் தடவிப் பார்க்க வேண்டும். பிடுங்கிய உண்ணியை விரலால் நசுக்கக் கூடாது. மண்ணெண்ணெயில் போட வேண்டும்.

தெர்மாமீட்டர் ஒன்று வீட்டில் இருக்கட்டும். மாட்டின் இயல்பான சூடு ஏறக்குறைய 101½ டிகிரி. பால் திடீரென்று குறைந்து, சூடு 104-ஐத் தொட்டால் அன்றைக்கே டாக்டரை அழைக்க வேண்டும். கால்நடை ஆம்புலன்சுக்குத் தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் 1962 என்ற எண் இருக்கிறது. "ரத்தம் எடுத்துப் பாருங்கள்" என்று கேட்கத் தயங்க வேண்டாம்.

காதில் தோடு மாட்டி, இன்சூரன்ஸ் எடுத்து வைக்க வேண்டும். பாங்குக் கடன் உள்ளவர்களுக்கு இது மிகவும் அவசியம்.

இந்த ரத்தக் கிருமிகள் பால் மூலம் மனிதருக்கு வருவதில்லை. ஆனால் மருந்து கொடுத்த நாட்களில் டாக்டர் சொல்லும் வரை பாலைச் சொசைட்டிக்கு ஊற்றாமல் இருப்பதே முறை.

சீமைக் கலப்புப் பசு பாலைக் கூட்டித் தருகிறது. அதற்குக் காவலையும் கூட்டித் தரச் சொல்லிக் கேட்கிறது. நாட்டு மாடு தன் காவலைத் தானே பார்த்துக்கொள்ளும். பாலில் குறைத்துக் கொடுக்கும். இரண்டில் எது தம் வீட்டுக்கு ஏற்றது என்பதை, மாட்டைக் கட்டிப் பார்த்துக்கொள்ளப் போகிறவரிடம் முதலில் கேட்டுவிட்டு, அதன் பிறகு பணம் அனுப்புவதே புத்திசாலித்தனம்.